முட்டைக் கறுப்பு

என் மனைவி கனடாவுக்குப் போனது மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள். பேரனுக்குப் பல் முளைத்து, நடை வந்து, இப்போது அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடவும் தொடங்கிவிட்டான். இவள் திரும்பி வந்த பாடில்லை. மகள் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று அறை வீட்டில் நான் தனியாக என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தினமும் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களோ? குளிசை போட்டீங்களோ? சரி, வைக்கிறன், இவன் எதையோ வாய்க்குள்ள வைக்கிறான்." இரண்டு நிமிடம். குளிசை தரும் மருந்துக்கடைக்காரர்கூட என்னோடு அதைவிட நேரம் கதைப்பார்.

ஒரு சனிக்கிழமை மாலை, அங்கே காலை, அவளுக்குத் தன் கொலுசின் ஞாபகம் வந்தது. எங்கள் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணத்துப் பத்தர் ஒருவர் வெள்ளிக் கம்பியைக் கையாலேயே முறுக்கிச் செய்தது. முழங்கால் நோவு வந்த பிறகு அவள் அதைப் போடுவதில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைப்பாள். இந்தத் தடவை என்னைத் துடைக்கச் சொன்னாள்; அலுமாரியைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். உப்புக் காற்றில் கொலுசு கறுத்துப்போய்க் கிடந்தது.

வீடியோவில் அவளுக்குத் தெரியும்படி போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பற்பசையைக் கொண்டுவந்தேன்.

"அதை அங்கால வையுங்கோ. வெள்ளியில கீறு விழும். திருநீறு எடுங்கோ."

பழைய வேட்டித் துண்டில் திருநீற்றைத் தொட்டு மெல்லத் தேய்த்தேன். துணி போகாத வளையங்களுக்குள் தையல் நூலைத் திருநீற்றில் புரட்டி விட்டு, இங்கும் அங்கும் இழுக்கச் சொன்னாள். பிறகு இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீர். பிறகு ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் திரும்பவும் கறுக்குமாம்.

"அந்த மூண்டாவது மணிக்குக் கீழ. இல்லை, மற்றப் பக்கம். உங்களுக்கு எப்பவும் மற்றப் பக்கம்தான்."

நாற்பது நிமிடம் இருந்தாள். மணிக்கும் மணிக்கும் இடையில் என்னென்னவோ சொன்னாள். இரவில் இரண்டு சோடி காலுறை போட்டுப் படுக்கிறாளாம். அங்கத்தைய முருங்கைக்காய் தும்பு மாதிரியாம். பகலில் வீட்டில் கதைக்க ஆளில்லாமல் பேரனுக்குத் தேவாரம் பாடுகிறாளாம். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே துடைத்ததில் ஒரே வளையத்தை மூன்று தரம் துடைத்திருக்கிறேன்.

மறுநாள் பழையபடி இரண்டு நிமிடம். கொலுசு பளபளத்துக்கொண்டு கிடந்தது. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

கொலுசை யன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன். காற்றுக்கு அவசரமில்லை, எனக்கு இருந்தது. வெள்ளி மோதிரத்தோடு முட்டை உரிக்காதேங்கோ, கறுத்துப் போகும் என்று அவள் சொல்வது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை முட்டை வாங்கப் போனேன். நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் மீன், முட்டை என்று மச்சம் எதுவும் தொடாதவர்கள் என்பது சந்திக்கடை முதலாளிக்குத் தெரியும். இன்றைக்கு வெள்ளியல்லவா மாத்தயா என்று சிங்களத்தில் கேட்டார். நாளைக்கு என்று பொய் சொல்லிவிட்டு வந்து, அன்றே அவித்தேன். சூட்டோடு நசித்து ஒரு டப்பாவில் போட்டு, கொலுசை மேலே வைத்து மூடினேன். சாமிப்படத்தின் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை, "பாரும், திரும்பக் கறுத்துப் போச்சு" என்று காட்டினேன். நாற்பத்தைந்து நிமிடம் கிடைத்தது. அடுத்த வெள்ளியும் முட்டை அவித்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை, "கிட்டக் காட்டுங்கோ" என்றாள். காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இது கடல் காத்துக் கறுப்பில்லை. முட்டைக் கறுப்பு. ஏனப்பா?"

வேறு பொய் வாயில் வரவில்லை. "இது கறுத்தால்தானே நீர் கதைக்கிறீர்" என்றேன். அறுபத்தாறு வயதில் வெட்கமாக இருந்தது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"விசாவை இன்னும் ஒரு வருசத்துக்கு நீட்டியாச்சு. எப்ப வாறீர் எண்டு கேட்டுடுவீங்களோ எண்டு பயத்திலதான் கெதியா கெதியா போனை வைச்சனான்."

ஒரு வருடம். கேட்டுவிட்டுக் கொலுசைத் துடைத்தேன். வேறு என்ன செய்வது? அவளும் போனை வைக்காமல் இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கதைக்கவென்றே எடுத்தாள். பேரனை மருமகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நாலு நிமிடத்தில் கதை முடிந்துவிட்டது. முப்பத்துநாலு வருடக் கல்யாணத்தில் நாங்கள் சும்மா இருந்து முகம் பார்த்துக் கதைத்ததே இல்லை. அவள் கறிக்கு வெட்டுவாள், நான் தேங்காய் துருவுவேன், எல்லாக் கதையும் அதற்கிடையில்தான்.

"கொலுசை எடுங்கோ" என்றாள்.

"அது சுத்தமாக் கிடக்கு. போன கிழமைதானே துடைச்சனான்."

"பரவாயில்லை, துடையுங்கோ. நான் இருக்கிறன்."