இரும்பு பிடிக்கிற பாண்டிச்செல்வி

பேராசிரியர் ஜெயசுந்தருக்கு மூன்று பட்டங்கள். அவருடைய ஆய்வக வாசலில் நின்று, "சாவிக்கொத்து எங்க சார், பெல்ட்டு எங்க சார்" என்று தினமும் அவரையே சோதனை போடுகிற பாண்டிச்செல்விக்கு எட்டாம் வகுப்பு. மல்லாங்கிணறு சாலையில் உள்ள அந்தப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெரிதா வாசல் பெரிதா என்று கேட்டால், வாசல்தான். முதல்வரே ஒரு தடவை பேனாக்கத்தியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

அந்தப் பழக்கம் அவளுக்கு எம். புதுப்பட்டியில் வந்தது. பதினாலு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கினாள். வெறுங்காலோடு, பருத்திச் சேலையில், வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கொண்டையூசிகூடக் கூடாது. இரும்பு எதிலாவது உரசி ஒரு பொறி விழுந்தால் போதும், மிச்சத்தை மருந்து பார்த்துக்கொள்ளும். ஒருநாள் பக்கத்து அறையில் யாரோ சட்டியில் ஒட்டிய மருந்தை இரும்புத் தகடால் சுரண்டினார்கள். அறை கூரையோடு போனது. உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி கற்பகவல்லி. அன்று காலையில்தான் இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றிருந்தார்கள். பாண்டிச்செல்வி ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் ஃபோர்மேன் மாரிக்கண்ணனிடம் போய், இனி செத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயசுந்தர், உலோகத் தூளைப் பயமில்லாமல் கையாளத் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"பயமெல்லாம் நெறைய இருக்கு சார். அதனாலதான் உசுரோட இருக்கேன்" என்றாள். வேலை கிடைத்தது.

வேலை இதுதான். உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உள்ளே தகடு வைக்கிறார்கள். பிறகு அந்த ஆளுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால், தகட்டைச் சுற்றி மை கொட்டினமாதிரி கருப்பாக விழும். பார்க்க வேண்டிய இடமே தெரியாது. எஃகுத் தகடு என்றால் கருப்பு ரொம்பப் பெரிது, டைட்டானியம் என்றால் கொஞ்சம் சிறிது. சிர்கோனியத்தில் அளவாக நயோபியம் சேர்த்து உருக்கினால் அதைவிடச் சிறிது என்பது ஜெயசுந்தரின் கட்சி. அளவு, குளிரவைக்கிற வேகம், இரண்டும் சரியாக இருக்க வேண்டும். சட்டென்று தண்ணீரில் முக்கினால் உலோகத்துக்குள் ஊசி ஊசியாக அமைப்பு விழும்; அதை ஸ்கேனுக்குள் இருக்கிற காந்தம் சீந்தாது, கருப்பும் சுருங்கும். நயோபியம் கூடிப்போனால் ஊசி மறைந்து மணி மணியாகிவிடும். காந்தம் மோப்பம் பிடிக்க ஆரம்பிக்கும்.

உலோகத்தை வைர வட்டால் மெதுவாக வெட்டி, முகம் தெரிகிறவரை தேய்த்து மெருகேற்றுவது பாண்டிச்செல்வி. அமிலம் தடவுவது பேராசிரியர். அதற்குப்பின் நுண்ணோக்கியில் முதலில் கண் வைப்பது மறுபடியும் அவள்தான். ஆறே மாதத்தில், "இது ஊசி சார், இது மணி சார், இது நீங்க சூட்ட மறந்துட்டு டீ குடிக்கப் போன நாளு சார்" என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஆனால் முதல் மாதத்திலேயே அவள் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். மிச்ச மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதேபோல, தேய்த்து விழுந்த சிர்கோனியத் தூளையும் சாயங்காலம் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டாள். கண் கூசுகிற வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து விடுதிப் பிள்ளைகள் கல்யாணம் என்று நினைத்தார்கள். அது ஜெயசுந்தர் மூன்று வாரமாகச் சேர்த்து வைத்த தூள். அன்றிலிருந்து ஆய்வகத்தில் ஒரு பென்சில் காணாமல் போனாலும் "பட்டாசுக் கை" என்பார்.

போன ஆடியில் நிதி தருகிற குழு வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. திட்டம் தொடருமா, மூடுமா என்று அன்றைக்கு முடிவு. புதன்கிழமை ஜெயசுந்தர் புதுத் துண்டை, காந்தம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டுகிற காந்தத் தராசில் வைத்தார். இருக்க வேண்டியதைப்போல ஏழு மடங்கு காட்டியது. மறுபடி வைத்தார். அதேதான்.

"பட்டாசுக் கையால தொட்டா இப்படித்தான். போச்சு, எல்லாம் போச்சு" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாரிக்கண்ணன் போன் செய்தார். "ஏத்தா பாண்டி, சீசன் லோடு ஏறுது. மருந்து ரூமுக்கு ஆளில்ல. உன் காலேசு மூடப்போகுதாமே. திங்கக்கெழம வந்துரு."

மல்லாங்கிணற்றில் தும்மினால் புதுப்பட்டியில் மூக்கைத் துடைப்பார்கள். அவள் போனை வைத்துவிட்டாள். திட்டம் மூடினால் அந்த மருந்து அறையைத் தவிர வேறு போக்கு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

நுண்ணோக்கியில் அதே துண்டின் மெருகேற்றிய முகத்தைப் பார்த்தாள். ஊசி ஊசியாக, வரிசை குலையாமல் இருந்தது. உள்ளே சரியாக இருக்கிறது. அப்படியென்றால் சனியன் மேலேதான் ஒட்டியிருக்கிறது. கம்பெனியில் அலுமினியப் பொடி மூட்டை வந்தால் ஒரு பிடியை ஈர வெள்ளைத் துணியில் கட்டி வைப்பார்கள். இரும்பு கலந்திருந்தால் விடிவதற்குள் துணியில் துருப்புள்ளி விழும். அவள் தன் கைக்குட்டையை உப்புத் தண்ணீரில் நனைத்து, துண்டைச் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் கைக்குட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளி.

"இந்தக் கந்தலையெல்லாம் குழு முன்னாடி கொண்டுவராதீங்க" என்றார் ஜெயசுந்தர். "தராசு பழுதாத்தான் இருக்கும், மூணு மாசம் கேட்டுக்கிறேன்."

குழுவில் மூன்று பேர். நடுவில் மதுரையிலிருந்து வந்த எலும்பு டாக்டர் பெர்சிஸ். தராசுக் கதையைக் கேட்டு அவர் கோப்பை மூடப்போனார். பாண்டிச்செல்வி டீத் தட்டோடு உள்ளே வந்தாள். டீக்கு அடியில் விரித்திருந்தது அந்தக் கைக்குட்டை.

"இது என்னம்மா?"

"இந்தத் துண்டு மேல இருந்த இரும்பு, டாக்டரம்மா. உள்ள ஊசி நல்லாத்தான் விழுந்திருக்கு, நீங்களே பாருங்க. இரும்பு ரம்பத்துல அறுத்தா தூள் ஒட்டிக்கிரும். தராசு அதத்தான் நிறுத்திருக்கு."

"யாரு அறுத்தது?"

"எனக்குத் தெரியாதுங்க. ஞாயித்துக்கெழம நான் லீவு. மறுநா வந்து பாத்தப்ப அறுத்துக் கெடந்துச்சு."

வைர வட்டு மூன்று மணி நேரம் எடுக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பட்டறை ரம்பத்தை எடுத்தவர் யார் என்று ஜெயசுந்தருக்குத் தெரியும். அவர் முகம் சுருங்கியது. மனிதர் கர்வக்காரர், ஆனால் பொய்யர் இல்லை.

"நான்தான்" என்றார்.

துண்டை அமிலத்தில் முக்கி, மேல்தோல் கரைந்ததும் அலசி, துடைத்து, குழுவின் கண்முன்னே தராசில் வைத்தார். ஏழில் ஒரு பங்கு. பெர்சிஸ் அதை மூன்று தடவை வைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து இரண்டு வருஷம் என்று எழுதினார். போகும்போது பாண்டிச்செல்வியிடம் அந்தக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயசுந்தர் யாரும் கேட்காமலே பெல்ட்டைக் கழற்றி வாசலில் வைத்தார். கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி உள்ளே போனார். பாண்டிச்செல்வி சிரித்து முடித்துவிட்டு மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நான் வரல அண்ணாச்சி. அங்கன புதுசா யாரு வந்தாலும் வாசல்லயே நிறுத்தி, கொண்டையூசிய வாங்கி வச்சுட்டு உள்ள விடுங்க."

"சரித்தா."

"பக்கத்து ரூமுலயும் இரும்புத் தகடு கெடக்கான்னு பாருங்க அண்ணாச்சி" என்றாள். பிறகு போனை வைத்தாள்.