அகல லென்ஸில் சிக்கிய மாமியார்

போன ஞாயித்துக்கிழமை எங்க சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்னுக்கினு இருந்தேன். நின்ன இடத்திலேயே போட்டோவில் விழுந்துட்டேன்.

எப்படின்னு சொல்றேன். அவசரமில்லை...

எங்க மாப்பிள்ளைக்குத் திண்டிவனத்தில் வேலை. என் மகள் செல்வியைக் கட்டி மூணு வருஷம் ஆகுது. மாசத்தில் ரெண்டு ஞாயிறு விழுப்புரத்துக்கு, எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவாங்க. வரும்போதே மீன் வந்துடும் — மாப்பிள்ளை மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குடும்பம், நல்ல மீனு எதுன்னு தெரிஞ்சவர். நான் சமைப்பேன், செல்வி பரிமாறுவாள். நான் எங்க இருப்பேன்? கதவுக்குப் பின்னால்.

மாப்பிள்ளைக்கு எதிரில் மாமியார் வந்து நிக்கிறதில்லை. எங்கம்மா நிக்கலை, எங்க மாமியார் நிக்கலை, நானும் நிக்கலை. பயமும் இல்லை, வெட்கமும் இல்லை — மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்னாலும் கண்ணு அவர் இலையில்தான் இருக்கும். பேச்செல்லாம் செல்வி வழியா.

"இன்னும் ஒரு துண்டு மீன் வெக்கட்டுமான்னு கேளுடி."

அது மாப்பிள்ளைக்கு நல்லாவே கேக்கும். இருந்தாலும் செல்வியைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஸ்பீக்கர் ஆக்கிட்டீங்க" என்று அவள் தலையில் அடிச்சிக்குவாள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை இதில் ஒரு சங்கடமும் தெரியலை. மாப்பிள்ளை பக்கத்தில் உக்காந்து பேசிக்கினே சாப்பிடுவார். போன வருஷம் அவர் போய்ட்டார். அப்புறம் கூடத்தில் மாப்பிள்ளை தனி, சமையல்கட்டில் நான் தனி.

அந்த ஞாயித்துக்கிழமை குழம்பு கொதிக்கும்போது செல்வி உள்ளே வந்தாள். முகம் சரியில்லை.

"அவரு கோயம்புத்தூருக்கு டிரான்ஸ்ஃபர் கேக்கப் போறாராம்மா."

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"'உங்கம்மாவுக்கு என்னைப் புடிக்கல. மூணு வருஷமா மூஞ்சியைக்கூடக் காட்டல. பக்கத்துல இருந்து என்ன பண்றது'ன்றாரு."

"புடிக்காமலா மீன்கொழம்பு வெச்சிக்கினு கீறேன்?"

"அவங்க ஊட்ல அவங்கம்மா, மருமகனைப் பார்த்து 'இம்மா நேரம் எங்கய்யா போனே'ன்னு சத்தம் போடுவாங்க. அவருக்குத் தெரிஞ்ச பாசம் அதான். நீ ஒருவாட்டி வெளிய வந்து ரெண்டு வார்த்தை பேசேன்."

இந்த வயசுக்கு மேல, எனக்கு உங்களைப் புடிக்கும்னு எதிரில் போய் நின்னு ஒப்பிக்கிறதா? திண்டிவனம்னா குழம்பு ஆறுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடலாம். கோயம்புத்தூருக்கு என்னத்தைக் கொண்டுபோவேன்? எல்லாம் புரியுது... கால்தான் நகரலை.

இப்போ கேமராவுக்கு வர்றேன். மாப்பிள்ளைக்கு அந்தப் பைத்தியம் உண்டு. புதுசா செகண்ட் ஹேண்டில் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கியிருக்கார். டிஜிட்டல்தான், ஆனா பார்வைக்கு அந்தக் காலத்துப் பெட்டி. செல்விதான் எனக்கு விளக்கினாள். மத்த கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்த்து எடுப்பாங்களாம். இதில் லென்ஸ் தனி, பார்க்கிறதுக்கு ஓரமா குட்டி ஜன்னல் தனி. இவர் அதில் வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டிட்டார். லென்ஸ் வளைச்சிப் பிடிக்கிற அகலம் ஜன்னலில் தெரியாது. அதுக்குன்னு கேமரா தலையில் மாட்ட வேற ஜன்னல் விக்குதாம், இன்னும் வாங்கலை. எடுத்ததும் பின்னாடி ஸ்க்ரீனில் பார்க்கிற வழக்கமும் இல்லை. அப்புறமா டிவியில் மொத்தமா பார்த்தால்தான் அவருக்கு ருசி.

காலையிலிருந்து வீடு முழுக்க எடுத்துக்கினு இருந்தார். கேமரா தூக்கினாலே நான் ஒதுங்கிடுவேன். சாப்பிட உக்காந்தப்போகூட, செல்வி குனிஞ்சி மீன் வைக்கிறதை ஒண்ணு எடுத்தார்.

சாப்பாடு முடிஞ்சதும் எல்லாத்தையும் டிவியில் போட்டார். நான் கதவிடுக்கில் நின்னு பார்க்கிறேன்.

முதல் படம், செல்வி மீன் அலசுறாள். ஓரத்தில் என் முந்தானை. அடுத்தது கூடம். ஓரத்தில் என் முழங்கை... ரப்பர் மாதிரி நீண்டு கிடக்குது. வைட் லென்ஸில் ஓரத்தில் இருக்கிறதெல்லாம் அப்படி இழுபடுமாம்.

"அம்மா, உன் கையைப் பாரேன், பொடலங்கா!"

மாப்பிள்ளை சிரிக்கலை. அடுத்த படம், அதுக்கடுத்த படம்... எல்லாத்திலும் ஓரத்தில் நான் இருக்கேன்.

கடைசியில் சாப்பாட்டுப் படம். நடுவில் செல்வி. ஓரத்தில் பாதி திறந்த கதவு, கையில் கரண்டியோடு நான். கன்னம் ஒரு பக்கம் இழுபட்டு பூசணிக்காய் ஆகியிருக்குது. ஆனா கண்ணு நேரா அவரையே பார்க்குது. இலையில் மீன் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, வாயோரம் சிரிப்பு வேற. பெத்த பிள்ளை சாப்பிடறதைப் பார்க்கிறவ முகம் எப்படி இருக்குமோ, அப்படி.

அவர் அந்தப் படத்தை மாத்தவே இல்லை.

திரும்பாமலே சொன்னார். "உங்கம்மாவை ஒரு போட்டோ எடுக்கலாமான்னு கேளு."

"எடுக்கச் சொல்லுடி" என்றேன்.

வைட் லென்ஸில் தூர நின்னு எடுத்தால் ஆள் எறும்பு ஆயிடும். கிட்ட வரணும். மாப்பிள்ளை வந்தார்... வந்துக்கினே இருந்தார். கை நீட்டினால் தொட்டுடலாம். எனக்குப் பின்னால் அடுப்பு. எங்க போறது?

கேமராவைக் கண்ணில் வெச்சார். ஓரத்து ஜன்னல்தானே — முகம் பாதி மறைஞ்சி, பாதி தெரிஞ்சிது.

"ஆடாதீங்க அத்தே. ஜன்னல்ல ரெண்டா தெரியறீங்க. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்தாத்தான் ஃபோகஸ்."

என்கிட்டயே நேரா பேசின முதல் பேச்சு அது. செல்வியைத் தேடினேன். வேணும்னே தோட்டத்துப் பக்கம் போயிட்டாள். பதில் சொல்லித்தானே ஆகணும்?

"நான் ஒருத்திதான் நிக்கிறேன். நிதானமா பாருங்க."

கேமரா குலுங்கிச்சி. சிரிக்கிறார். அப்புறம் 'க்ளிக்'.

கேமராவை இறக்காமலே கேட்டார். "உங்களுக்கு நெத்திலி புடிக்குங்களா?"

"புடிக்கும். கோயம்புத்தூர்ல அந்த மீனு உயிரோட இருக்குமா என்னவோ."

கேமராவை மெதுவா இறக்கினார்.

"இருக்காதுதான்" என்றார். "அடுத்த வாரம் எடுத்தாறேன். அங்கல்லாம் யார் போறது?"

ஒதுங்கித்தான் நிக்கிறோம்னு நாமளா நினைச்சிக்கிறோம். படத்தில் விழத்தான் செய்யறோம்; பார்க்கிறவங்க ஜன்னல் சின்னது, அவ்வளவுதான்.

அதுக்காக, பழக்கத்தை விட்டுட்டியான்னு யாரும் கேக்காதீங்க — நான் நின்னது கேமராவுக்கு எதிரில்.