எந்தப் பட்டியல் நம்பர்?

"எந்தப் பட்டியல்ல பாத்தீங்க? அதைச் சொல்லிட்டு நம்பரைச் சொல்லுங்க." தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காலையிலிருந்து நாலாவது முறையாகக் கேட்கிறார் பட்டியலம்மா. வரைபட அலுவலகத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அங்கே இருப்பவை விண்டோஸ் கணினிகள். வரைபட நிரல்களோ யுனிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை. இரண்டையும் ஒத்துப்போக வைக்க நடுவில் ஒரு மென்பொருள் அடுக்கு. ஓடுகிற நிரலுக்கு விண்டோஸ் ஓர் எண் கொடுத்துத் தன் பட்டியலில் போடும். அடுக்கு தன் பங்குக்கு வேறோர் எண் கொடுத்துத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளும். கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையில் ஒரு நிரலை நிறுத்தச் சொல்லி எண்ணைத் தட்டினால் அதற்கு அடுக்கின் எண்தான் புரியும். இதைச் சொல்லிச் சொல்லிப் பட்டியலம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சுவரில் எழுதி ஒட்டினார். அதன் மேலேயே யாரோ நாள்காட்டியை மாட்டிவிட்டார்கள்.

"நம்பர்னா நம்பர்தானேம்மா, அதுல என்ன உள்ளூரு வெளியூரு?" என்பார் மேலாளர். விண்டோஸ் பட்டியலைப் பார்த்து எண்ணைத் தட்டுவார். அப்படி ஒன்று இல்லை என்று கறுப்புத் திரை கையை விரித்துவிடும். அலுவலகம் இத்தனை நாள் பிழைத்தது அந்தப் புண்ணியத்தில்தான்.

வியாழக்கிழமை மதியம் பட்டியலம்மா சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார். மேலாளரின் அச்சு வேலை சிக்கிக்கொண்டது. வழக்கம்போல விண்டோஸ் பட்டியலில் அதன் எண்ணைப் பார்த்து, நிறுத்தச் சொல்லி 1316 என்று தட்டினார். அன்றைக்குப் பார்த்து அடுக்கின் பட்டியலிலும் ஒரு 1316 இருந்து தொலைத்தது. நகரத்தின் குடிநீர்க் குழாய்களை மூன்று நாளாக ஒரே வரைபடமாக இணைத்துக்கொண்டிருந்த நிரல் அது. முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான்.

அது முடிந்ததும் ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்து, பிரசவ நாள் நெருங்கிவிட்ட மகளிடம் போய்ச் சேருவதாக இருந்தார் பட்டியலம்மா. நின்றுபோன திரையைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"மறுபடி ஓடி முடிய ஞாயிறு ஆயிடுமே. யாராவது பக்கத்துல இருந்து பாக்கணும். லீவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்களேன்" என்றார் மேலாளர்.

"குழந்தையையும் தள்ளி வரச் சொல்லட்டுங்களா சார்?"

பதிலுக்குக் காத்திராமல் நிரலை முதலிலிருந்து ஓட்டினார். அதற்குப் புதிதாகக் கிடைத்த இரண்டு எண்களையும், எது எந்தப் பட்டியலுடையது என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, திரைக்குக் கீழே ஒட்டினார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை மேலாளரின் முழங்கால் வரை உருட்டிவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.