முழங்காலுக்குக் கீழே

நீங்கள் நம்பாமல் போனால் எனக்கு நிம்மதிதான். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், என் ஸ்கேன் அறையில், என் கையில்.

அடைபட்ட கால் இரத்தக்குழாயை பலூன் விட்டுத் திறந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, இரத்தம் பாதம் வரை போகிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பது என் வேலை. தொடையில் தொடங்கிக் கருவியை நகர்த்திக்கொண்டே இறங்க வேண்டும். ஓட்டம் இருந்தால் 'வுஷ்... வுஷ்...' என்று கேட்கும்.

அப்படி ஸ்டென்ட் வைத்து வந்த ஒரு தையல்காரரின் இடது பாதம் நாறியது. விரல்கள் கறுத்து, இடுக்கில் மஞ்சளாய்க் கசிந்தது.

"நாத்தம் குடலைப் புடுங்குதா? இருங்க, நானும் மூக்க மூடிக்கிறேன்" என்று முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சிரித்தார். "மிஷின் மிதிக்கிற காலும்மா. எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

முழங்காலோடு நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே தொடவே இல்லை. 'கணுக்கால் வரை ஓட்டம் சீர்' என்று எழுதினேன். கையை மூன்று முறை கழுவினேன். பிறகு எனக்குப் பசித்தது. அதை நினைத்தால்தான் இன்றும் குமட்டுகிறது.

ஆறாம் நாள். மதியம் 3:05. திரைக்குப் பின்னே, கட்டிலில் அவர். இடுப்பு வரை போர்வை. முகத்தில் அதே துண்டு.

"இன்னிக்காவது கீழ வரைக்கும் பாரும்மா."

இவருக்கு எப்படித் தெரியும்?

3:09. முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வைக்குள் கையை விட்டேன். முழங்கால். ஆடுசதை. கணுக்கால்... கருவிக்கு அடியில் தோல் பாலாடைபோல் வழுக்கி விலகியது. ஜெல் எப்போதும் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக... விரலிடுக்கில் வழிந்தது.

வுஷ்... வுஷ்...

3:14. சத்தம் நின்றது.

விரல்கள் என் மணிக்கட்டைப் பற்றின.

கால்விரல்கள்.

கத்திக்கொண்டு ஓடினேன். நர்ஸ் அக்காவோடு திரும்பியபோது கட்டில் காலி. கருவியில் மட்டும் ஒரு கறுத்த நகம் ஒட்டியிருந்தது.

"அவரா? அவரு மேல தியேட்டர்ல இருக்காரு. ரெண்டு மணிக்கே மயக்கம் குடுத்தாச்சு. உன் ரிப்போர்ட்ட நம்பி நாளக் கடத்திட்டாங்க. காலை எடுக்கறாங்க."

அறுவைக் குறிப்பை மறுநாள் பார்த்தேன். கால் துண்டான நேரம்: 3:14.

எத்தனை சோப்புப் போட்டாலும் வலது கையில் அந்த வாடை.

நேற்று அவர் மனைவி வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"ஸ்கேன் எடுத்தது நீதானே? கண்ணு முழிச்சதுலேருந்து ஒரே புலம்பல். அந்தப் பொண்ணு இன்னும் என் பாதத்தப் பிடிச்சிட்டிருக்கா, விடச் சொல்லுங்கறாரு."

என் கையைப் பார்த்தார்.

"விட்டுடும்மா."