வைக்கோல் கன்று இனி வேண்டாமாம்

இன்று காலை நடந்ததை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் நான்கு மாத மகள் ஸ்டெல்லாவுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் தயிராகத் திரும்பி வரும். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவாள். எனக்கோ பால் போதவில்லை. யுத்தத்தால் கடையில் பால்பவுடர் டின்னும் கிடைக்கவில்லை.

"பசும்பால நிறுத்திடும்மா. எது குடுத்தாலும் அரைமணி நேரம் தோள்ல நிமிர்த்தி வச்சுக்கோ" என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனிமேல் பால் வேண்டாம் என்று சொல்லத்தான் ஸ்டெல்லாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பால்காரர் முனுசாமி வழக்கம்போல் மாட்டை ஓட்டி வந்திருந்தார். செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்த பொம்மை அவர் கக்கத்தில் இருந்தது. அதை நக்கினால்தான் அந்த மாடு பால் சுரக்கும்.

இன்று மாடு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, ஸ்டெல்லாவின் புளித்த வாடை அடிக்கும் முதுகை நக்கியது.

முனுசாமி செம்பை வைப்பதற்குள் பால் தானாகத் தரையில் சொட்டியது.

"இன்னாம்மா இது? கொயந்தயப் பாத்தே சொரக்குதே!"

ஸ்டெல்லா அழவில்லை. நான்கு மாதத்தில் முதல்முறையாக உடம்பைத் தளர்த்திக்கொண்டு கிடந்தாள்.

"எங்களுக்கு இனிமே பால் வேண்டாம்" என்றேன்.

"சரிம்மா. ஆனா நாளைக்கும் பாப்பாவத் தூக்கினு வந்து நில்லும்மா. இது இனிமே வாணாம்" என்று பொம்மையை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பால்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மாட்டிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் விடிவதற்குள் பதில் எழுதுங்கள்.