தக்கோவின் குதிகால்

வலது குதிகாலைச் சேற்றில் ஊன்றி, உடம்பின் கனத்தை அதன்மேல் இறக்கி, மெல்லக் காலை எடுத்துப் பார்ப்பாள் தக்கோ. குழியில் நீர் ஊறினால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். செனகல் ஆற்று வெள்ளம் வடியத் தொடங்கிய நாளிலிருந்து, விதைக்கப் பதம் வந்ததா என்று பார்க்க, காலையில் இதுதான் முதல் வேலை. மற்றவர்கள் மண்ணைக் கையால்தான் பிசைந்து பார்ப்பார்கள்.

"பாத்திரம் தேய்க்கிற கைக்கு எல்லாமே ஈரந்தான்" என்பாள் அவள்.

போன வருடம் வெள்ளம் அவள் நிலம்வரை ஏறவேயில்லை; ஈரமில்லாமல் விதைக்க முடியவில்லை. விதைச்சோளத்தையும் தட்டைப்பயறையும் சாம்பல் கலந்து இரண்டு சுரைக்குடுக்கைகளில் அடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். புருஷன் பட்டணத்தில் மூட்டை தூக்குகிறான். வீட்டில் ஒருவேளைக் கஞ்சி என்றான பிறகும் குடுக்கை திறக்கவில்லை. மாமியார் போகிறபோக்கில் அதை விரலால் தட்டி, நிறைந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவாள். தக்கோ அந்த நேரம் பார்த்துத் துணி மடிப்பாள்.

பக்கத்து நிலத்து யேரோவுக்கு அதுவும் கேலிதான். அவள் 'பா' குலம், அவன் 'ஜாலோ'. இரண்டு குலத்தார் சந்தித்தால் விளையாட்டாய் வையாமல் விலகக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

"விதையைத் தலைமாட்டுல வச்சா கனவுலயா முளைக்கும், என் அடிமையே?"

"உன் வயித்துக்குள்ள போனாத்தான் முளைக்காது, பயறுதின்னி."

இந்த வருடம் வெள்ளம் ஏறி, முப்பது நாளுக்கு மேல் நின்றது. இனி வடியத் தாமதமானால் கதிர் பனியில் மாட்டி மணி பிடிக்காமல் சாவியாகிவிடும் என்று அடுத்த கவலை. போன வியாழக்கிழமை குதிகால் குழியில் நீர் ஊறவில்லை. விளிம்பும் சரியவில்லை. வைத்த அச்சு வைத்தபடி நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யேரோவைக் கூப்பிட்டாள்.

அவன் கழியால் குழி போட்டுக்கொண்டே முன்னால் போக, அவள் நாலு சோளம், இரண்டு பயறு போட்டுக் காலால் மண் தள்ளிக்கொண்டே பின்னால் போனாள். மூன்றாம் நாள் மதியம் நிலத்தின் கடைசி வரப்பு வந்துவிட்டது. தக்கோ கால்களை நீட்டி ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எசமானி உக்காந்துட்டா. கூலி?" என்றான் யேரோ.

"தொப்பியைக் கழட்டு."

முளைக்காத குழிகளில் மறுபடி போட எடுத்துவைத்தது போக மிஞ்சிய பயறில் பாதியை அவன் தொப்பியில் கொட்டினாள். மீதியை மாமியாருக்கென்று முந்தானையில் முடிந்தாள். பிறகு காலியான பயறுக் குடுக்கையைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.