பூட்டு ஊராட்சியுடையது

உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்துவிட்டது என்று செய்தியில் கேட்டு மகிழ்ந்த நம் தெருவினர், சங்கப் பலகையில் நான் ஒட்டியிருக்கும் இதையும் படிக்கவும்.

இன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் அறைக்குப் போனேன். கதவில் பூட்டு. வெளியே குடங்களுடன் பெண்கள். அவர்கள் நடுவே நம் புதிய ஊராட்சித் தலைவியும் ஒரு குடத்துடன் நின்றார்.

"இன்னாக்கா, தலைவராயிட்டே, ஒரு மோட்டாரு போட முடியலியா?" என்றாள் ஒருத்தி.

"அதிகாரமெல்லாம் வந்துட்ச்சு. சாவிதான் வரல. ஒன்றிய ஆபீஸ்ல கீது."

அவரை அழைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகம் சென்றேன். டெல்லி கொண்டுவந்த புதிய சட்டப்படி குடிநீர் ஊராட்சியின் பொறுப்பு என்று அதிகாரியிடம் விளக்கினேன். அவர் மறுக்கவே இல்லை.

"கரெக்ட் சார். மோட்டார் ரிப்பேரானா அவங்கதான் பார்க்கணும். அந்தப் பூட்டுகூட அவங்களோடதுதான். சாவியைக் கொடுக்க மட்டும் மேலேயிருந்து ஆர்டர் வரணும்."

"அதுவரைக்கும் ஜனங்களுக்கு இன்னா சார் சொல்றது?"

"நீங்கதானேம்மா தலைவர்? நீங்கதான் பதில் சொல்லணும்."

டெல்லி, மாநில அரசின் வழியாக, நம் ஊருக்கு வாரி வழங்கியிருப்பது, ஆக, திட்டு வாங்கும் அதிகாரம்.

திரும்பி வந்ததும் தலைவி நேரே மோட்டார் அறைக்கு நடந்தார். ஒரு கருங்கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். மோட்டார் ஓடியது.

விதிகளை யோசித்துப் பார்த்தேன். பூட்டு ஊராட்சியின் சொத்து என்பதை அதிகாரியே உறுதி செய்திருக்கிறார். தன் சொத்தைத் தானே உடைப்பதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் இதன் கீழே எழுதலாம். முதலில் குடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்.